கயலுக்கு, அந்தச் சாம்பல் குழாய் பற்றி

அன்புள்ள கயல்,

இத்தாலியக் கலைஞர் ஸோரியோ 1967இல் செய்த 'ரோசா-ப்ளூ-ரோசா'வை, பாதிக் குழாயில் கோபால்ட் குளோரைடு கலந்த பிளாஸ்டரை நிரப்பிய அந்தச் சிற்பத்தை, நீ திரும்பச் செய்து பார்க்கிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபால்ட் குளோரைடு நிறம் மாறும் கதையை அம்மாவிடம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன்.

கோபால்ட் குளோரைடு எவ்வளவு போடுவது என்று கேட்டாயே: 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் போதும். பிளாஸ்டரில் கலந்ததும் ரோஜா நிறமாகத்தான் இருக்கும். ஈரம் போனால்தான் நீலம். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. சூடு அதிகமானால் பிளாஸ்டரில் இருக்கும் ஜிப்சம் தன் படிக நீரையே விட்டு, மேல்பரப்பு மாவாக உதிரும். டூரின் பனிக்காலத்தில் நீலம் வரத் தாமதமானால் கலவை தப்பு என்று நினைக்காதே. பத்துப் பேர் வந்து மூச்சுவிட்டால் ரோஜாவுக்குத் திரும்ப வேண்டும், அந்த வேலையின் உயிரே அதுதான். பொடியை நிறுக்கும்போது நைட்ரைல் கையுறையும் முகமூடியும் போடு.

அது இருக்கட்டும். நீ அனுப்பிய படத்தில் குழாயின் உடைந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் சிமென்டுக்குள்ளிருந்து வெள்ளை நார் நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய எட்டெர்னிட் மாதிரி இருக்கிறது கயல். கல்நார் கலந்த சிமென்ட், ஆஸ்பெஸ்டாஸ். ஸோரியோ காலத்தில் அது கட்டடச் சாமான். இத்தாலி 1992இல் தடை செய்துவிட்டது. நீ இருக்கும் பியெமோந்தேயிலேயே, காசாலே மோன்பெர்ராத்தோவில் 1986 வரை எட்டெர்னிட் ஆலை ஓடியது. வேலைக்குப் போனவர்களின் நார்த்தூசி படிந்த சட்டையைத் துவைத்த பெண்களும் அங்கே செத்துப்போனார்கள்.

அறுக்காதே, துளை போடாதே, உப்புத்தாள் தேய்க்காதே. பெருக்காதே, சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்ணிய நார் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். துணி முகமூடி எதற்கும் ஆகாது, நுண்தூசியை வடிகட்டும் எப்எப்பி3 முகமூடி வேண்டும். மெதுவாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டு. எடுத்துப்போக உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடு. இப்போது வரும் நார்சிமென்ட் குழாயில் கல்நார் கிடையாது, அதையே வாங்கு. பணம் நான் போடுகிறேன். அறுக்க மட்டும் அறுக்காதே.

மூன்று வாரமாக நீ பேசவில்லை. வேலை இருக்கும். போன தடவை தொண்டை கரகரத்தது, பனியாகத்தான் இருக்கும். கல்நார் மூன்று வாரத்தில் காட்டாது, இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் காட்டும்.

அந்த முப்பது வருஷக் கணக்கை நான் உன் வயதை வைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். லேபில் கழித்துப்போட்ட கம்பி வலைகளை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டவ்வில் போட்டேன். நடுவிலிருந்த வெள்ளை வட்டத்தை நீ நகத்தால் சுரண்டிப் பொம்மைக்குப் பவுடர் பூசுவாய். கல்நார் ஆகாது என்று அப்போதே படித்திருந்தேன். கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

குழாயைச் சுற்றி வைத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பேச நேரமில்லை என்றால் படம் மட்டும் போதும்.

அப்பா