ரயில் காரிடார் நடைவழி அட்டை: வேலை முடிஞ்ச கணக்கு

நம்ம நடைக்குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்துல கமிட்டி தலையில கட்டின வேலை ஒருவழியா முடிஞ்சுது. சிங்கப்பூர்ல மலேசியாவுக்குப் போன பழைய ரயில் லைன் இருந்த எடத்துல இப்ப நடைபாதையா இருக்குற ரயில் காரிடார்ல வயசானவங்க சிரமப்படாம நடக்குற மாதிரி ஒரு வழியப் பாத்து, நாங்களே நடந்து பாத்து, தமிழ்ல ஒரு அட்டையா போட்டுக் குடுக்கணும், பேரப்பிள்ளைங்க போன எடுத்து மேப் காட்டணும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தீங்க. அட்டை வந்தாச்சு. என்னென்ன செஞ்சோம், எதையெல்லாம் வேணாம்னு விட்டோம், ஏன் விட்டோம்னு சொல்ல வேண்டியது கமிட்டியோட பொறுப்பு, அதுக்குத்தான் இது.

மொதல்ல பெரிய சண்டை நீளத்துலதான். காரிடார் மொத்தம் 24 கிலோமீட்டர், தெக்க தஞ்சோங் பகார்ல இருந்து வடக்க உட்லண்ட்ஸ் வரைக்கும் தீவையே குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது. சில தம்பிங்க முழுசையும் அட்டையில போட்டே ஆகணும்னு நின்னாங்க. முழுசா போட்டா அது மேப், அத ஏற்கனவே தேசியப் பூங்காக் கழகம் நல்லாவே போட்டிருக்கு, நமக்கு வேண்டியது முட்டிவலிக்காரங்க காலையில போய்ட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்ற வழி. அதனால புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன்ல இருந்து ரெயில் மால் கடைவரிசை பக்கத்து இரும்புப் பாலம் வரைக்கும், சுமாரா நாலு கிலோமீட்டர், அதோட நிறுத்திட்டோம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டில (மெட்ரோ ரயில்ல) எறங்கி நடக்க ஆரம்பிச்சா, அந்தப் பக்கம் ஹில்வியூ எம்ஆர்டில ஏறி வீட்டுக்கு வந்துடலாம், ரெண்டுமே டவுன்டவுன் லைன்தான்.

இந்த வழி ஏன் சுலபம்னா, இத போட்டது மனுசனுக்காக இல்ல, ரயிலுக்காக. ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால மேட்ட வெட்டியும் பள்ளத்த ரொப்பியும் சமமா போட்டாங்க. பக்கத்துலயே புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் ஒசரத்துல நிக்குது, நீங்க அதோட அடிவாரத்துல மூச்சு வாங்காம நடந்துக்கிட்டே போவீங்க. இன்னொன்னு, 1903ல ஓடுன பழைய லைன் வேற வழியா டேங்க் ரோடு ஸ்டேஷனுக்குப் போச்சு. 1932ல லைன மாத்திப் போட்டு தஞ்சோங் பகார் ஸ்டேஷன தொறந்தப்போ, ரோட்டுல லெவல் கிராசிங் வேணாம்னு பெரிய ரோட்டுக்கு மேலயே இரும்புப் பாலமா போட்டுட்டாங்க. அதோட பலன் இன்னிக்கு நமக்கு. ஸ்டேஷன் பக்கத்துப் பாலத்துல புக்கிட் தீமா ரோடு, டன்யர்ன் ரோடு ரெண்டையும், நடுவுல போற பெரிய கால்வாயையும் சேத்து, சிக்னலுக்குக் காத்திருக்காம மேலயே தாண்டிடலாம்.

ஆனா அதுலயே ஒரு வம்பும் இருக்கு. பாதை மேல, ரோடு கீழ. நடக்குறது சுலபம், ஏறி எறங்குறதுதான் கஷ்டம். கமிட்டி நேரம் பாதி இதுக்குத்தான் போச்சு, எந்தப் பக்கம் படி, எந்தப் பக்கம் சரிவு, கைப்பிடி இருக்கா, மழை பெஞ்சா வழுக்குமான்னு. படி ஏற முடியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்க ஸ்டேஷன் பக்கம் உள்ள நுழைஞ்சு அதே பக்கம் வெளிய வாங்க, ரெயில் மால் முனையில படியில எறங்கலாம்னு யாரும் தைரியம் சொன்னாலும் கேக்காதீங்க. அட்டையில செகப்பு மையில இருக்குறது இந்த ஒரே வரிதான், மத்ததெல்லாம் கருப்பு.

ஸ்டேஷனப் பத்தி ரெண்டு வார்த்தை அதிகமாவே எழுதிட்டோம், ஆலோசனைக் குழுவுல ஒரு ஐயா இது நடைவழி அட்டையா சரித்திரப் புத்தகமான்னு கேட்டாரு. இருக்கட்டும்னு விட்டோம், ஏன்னா அங்க நின்னு பாத்தாதான் புரியும். ஒத்தை லைன்ல எதிரெதிரா வர்ற ரெண்டு வண்டி ஒண்ண ஒண்ணு தாண்டிப் போறதுக்குத்தான் அங்க ரெட்டை லைன் போட்டிருந்தாங்க. டிரைவர் கையில டோக்கன் இருந்தாத்தான் அடுத்த பகுதிக்குள்ள வண்டிய விடலாம், அந்த டோக்கன பெரிய வளையத்துல மாட்டி, ஸ்டேஷன் ஆளு பிளாட்பாரத்துல கைய நீட்டிக்கிட்டு நிப்பாரு, வண்டி நிக்காம மெதுவா ஓடும்போதே ஒரு வளையத்த வாங்கிக்கிட்டு இன்னொண்ண குடுப்பாங்க. கம்ப்யூட்டர் காலத்துலயும் 2011 வரைக்கும் அங்க கைமாத்துதான். அந்த வருசம் ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்ல இருந்து கெளம்புன கடைசி ரயில ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனாரு, நம்மள்ல சிலர் அன்னிக்கு கூட்டத்துல நின்னு கைகாட்டியிருக்கீங்க. அதுக்கப்புறம் தண்டவாளத்த எல்லாம் கழட்டி மலேசியாவுக்கு திருப்பிக் குடுத்துட்டாங்க, ஸ்டேஷன்லயும் பாலத்துலயும் கொஞ்சம் மட்டும் விட்டு வச்சிருக்காங்க. ஸ்டேஷன் கட்டடத்த சரிபண்ணி 2022 ஜூலையில திரும்பத் தொறந்தாங்க. டாய்லெட் அங்கயே முடிச்சுக்கோங்க, நடுவுல தேடாதீங்க.

வழியில சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஸ்டேஷன் தாண்டி பாலம், பாலம் தாண்டுனா கொஞ்ச தூரத்துலயே ஒரு பக்கம் காடு. குரங்கு வரும். பிளாஸ்டிக் பைய கையில தொங்கவிட்டா சாப்பாடுன்னு நெனச்சுப் புடுங்கும், முதுகுப்பை தேவலாம். பாவம்னு பிஸ்கட்டு போடாதீங்க, சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. வெயில் பட்டைய கிளப்புற எடமும் இருக்கு, இடி சத்தம் கேட்டா பாலத்து மேல நிக்க வேணாம். சைக்கிள்காரங்க பின்னாலயிருந்து வருவாங்க, நாலு பேர் கைகோத்து அகலமா போறத மட்டும் விட்டுடுங்க. முன்ன மாதிரி சேறு இல்ல, 2021ல இந்தப் பகுதிய சரிபண்ணித் தொறந்ததுலருந்து கெட்டியா இருக்கு. காட்டுத்தனம் போயிடுச்சேன்னு வருத்தப்படுறவங்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா ஊன்றுகோல் வச்சிருக்கவங்கள கேட்டா வேற பதில் வரும். இங்க வீடு கட்டாம விட்டதே பெரிய விசயம், 2010லயே இயற்கைச் சங்கம் இத பசுமை வழியா வச்சிருக்கணும்னு திட்டம் எழுதிக் குடுத்துது.

ரெயில் மால் முனையில டீ குடிச்சிட்டு தெம்பு இருந்தா பழைய ஃபோர்ட் கார் தொழிற்சாலைய பாத்துட்டு வரலாம், 1942 பிப்ரவரி 15 பிரிட்டிஷ்காரங்க ஜப்பான்காரங்ககிட்ட சரணடைஞ்ச எடம், இப்ப மியூசியம். அதே அப்பர் புக்கிட் தீமா ரோட்டுல இன்னும் மேல போனா முருகன் ஹில் கோயில், அதுக்கு பஸ் புடிங்க, நடக்க வேணாம்.

அச்சு விசயம். நாங்க குடுத்த கடை மொதல் புரூப்ல தமிழ் எழுத்த எல்லாம் ஒடச்சுக் குடுத்துது. ஒத்தைக் கொம்பு ஒரு பக்கம் நிக்குது, எழுத்து அடுத்த வரியில கெடக்குது, 'கொஞ்சம்'ங்கிறதுல கொம்பு தனியா நிக்குது. ஃபான்ட் பிரச்சனன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில நம்ம துணைச் செயலாளரோட மகதான் முழுசையும் படமா மாத்திக் குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் ஒழுங்கா வந்துது. எழுத்து அளவ பெருசா வச்சதால ஒரே பக்கம்னு நெனச்சது ரெண்டு பக்கமாச்சு, செலவும் ஏறுச்சு. சந்தாப் பணத்துல இருந்துதான் குடுத்தோம், தனி வசூல் பண்ணல, ரசீது எல்லாம் பொருளாளர்கிட்ட இருக்கு, யார் வேணாலும் வந்து பாக்கலாம்.

தெக்குப் பக்கம் ஏன் போடலன்னு பல அக்காங்க கேட்டுட்டீங்க. நியாயமான கேள்விதான். 1932ல குயின்ஸ்வே பக்கம் ரயில்வேத் தொழிலாளிங்க லைனோரமா வச்சுக் கும்பிட்ட முனீஸ்வரர்தான் இன்னிக்கு காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயிலா இருக்காரு, அங்க முடியுற மாதிரி ஒரு நடை வேணும்ங்கிறது கமிட்டிக்கும் ஆசை. ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க்குன்னு இருந்த யாழ்ப்பாணத்துக்காரங்க குடும்பமும் லைன் போட்ட நம்ம ஆளுங்க குடும்பமும் இந்தக் குழுவுலயே இருக்கு. ஆனா அந்தப் பக்கம் தூரம் அதிகம், வெளிய வர்ற வழி ஒவ்வொண்ணையும் திரும்பப் பாக்கணும், அதுக்கு புதுசா ஆள் வேணும். வர விருப்பம் இருக்கவங்க அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னால செயலாளர்கிட்ட பேர் குடுங்க, படி எண்ணத் தெரிஞ்சா போதும்.

அட்டை ஆளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழம நடைக்கு வர்றவங்க அங்கயே வாங்கிக்கோங்க, வர முடியாதவங்க சொல்லி விட்டா வீட்டுக்கே அனுப்பிடுறோம்.