எடைக்குப் போடும் முன் ஒரு சாயங்காலம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்து டிடிபி கடைக்காரர்களுக்கும், பள்ளிக்கூட ஸ்டோர் ரூம் சாவி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பழைய சாமான் எடைக்கு எடுக்கும் ஆக்ரிக்கடை அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் கிடக்கும் பழைய ஃப்ளாப்பிகளை, அதாவது அந்தக் காலத்தில் புரோகிராமும் ஃபைலும் பதிந்து வைத்த காந்த வட்டுகளை, எடைக்குப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் இன்வெர்ட்டர், யூபிஎஸ் ரிப்பேர் செய்து பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நாலைந்து பேர் கூடிப் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் பேங்கில் ரிட்டையர் ஆனவர். ஒரு பையன் பொள்ளாச்சியில் பாலிடெக்னிக் படிக்கிறான். இதற்கு எங்கள் வீடுகளில் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

போன வைகாசியில் நம் தாலுகாவிலேயே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிபிசி மைக்ரோ எங்களிடம் வந்தது. இங்கிலாந்தில் ஏக்கார்ன் கம்பெனி 1981-ல் கொண்டுவந்த மெஷின். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தபோது இந்த மெஷினைத்தான் கொடுத்தது. நினைவு ராம் 32 கேபி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதற்குள் அடங்காது.

வந்தவுடன் சுவிட்ச் போடவில்லை. முதலில் பவர் சப்ளையைத்தான் கழற்றினோம். அதில் மெயின்ஸ் பக்கம் ரிஃபா என்ற பெயர் போட்ட கெப்பாசிட்டர்கள் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெரியும் மேலோடு, உள்ளே காகிதம். வருஷம் ஆக ஆக ஓட்டில் வெடிப்பு விழுந்து காகிதம் ஈரத்தைக் குடித்துவிடும். அப்படியே கரண்ட் கொடுத்தால் படார் என்று வெடித்து, அந்த நாற்றம் கொட்டகையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். எங்களுக்கு வந்ததில் இரண்டிலுமே பழைய மண்பானை மாதிரி மயிரிழை வெடிப்பு. மாற்றினோம். அப்புறம் சுவிட்ச் போட்டால் 'பூ...' என்று ஒரே சத்தம், நிற்கவே இல்லை. இந்த மெஷின் நல்லபடியாக எழுந்தால் 'பூ' என்று ஆரம்பித்து 'பீப்' என்று முடிக்கும். 'பூ' மட்டும் கேட்டால் பிராசஸர் ஓடவில்லை என்று அர்த்தம். சாக்கெட்டில் இருந்த சிப்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, காலைச் சுத்தம் செய்து திரும்பச் செருகினோம். பதினாறு ராம் சிப்பில் ஒன்று செத்திருந்தது, அதையும் மாற்றினோம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை 'பூ... பீப்'. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்', அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி. பேங்க்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

சரி, அடுத்து என்ன? ஓட்டிப் பார்க்க எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஃப்ளாப்பி இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆக்ரிக்குக் கொடுத்தாச்சு சாரே, ரெண்டு சாக்கு இருந்துச்சு" என்றார் அங்கே இருந்தவர். மெஷினை ஏன் கொடுக்கவில்லை என்றேன். மெஷின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறதாம். அதைத் தள்ளுபடி செய்ய மேலே இருந்து உத்தரவு வரவேண்டும், அந்த உத்தரவு வரவே இல்லை. ஃப்ளாப்பி எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. ஆக, நாங்கள் நாலு வாரத்தில் சரி செய்துவிடக்கூடிய இரும்பு பத்திரமாக இருந்தது. எத்தனை வாரம் உட்கார்ந்தாலும் திரும்பச் செய்ய முடியாத சங்கதி சாக்கில் போய்விட்டது.

அந்தச் சாக்கில் இருந்தது எல்லாமே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் விற்ற விளையாட்டுகள், பாட ஃப்ளாப்பிகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் நகல் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதை இறக்கி ஓட்டிக்கொள்ளலாம். போனது நம் ஊரில் செய்தது. அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர், மெஷின் உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்து வந்தார். அந்தக் காலத்தில் அந்த மெஷினில் தமிழ் எழுத்தை வரவைத்தது அவர்தான். பிபிசி மைக்ரோவில் நமக்கு வேண்டிய எழுத்தை நாமே வரைந்துகொள்ளலாம். 'விடியு 23' என்ற கட்டளைக்குப் பின்னால் எழுத்தின் எண், அதற்குப் பின்னால் எட்டு எண்கள். எட்டுக்கு எட்டு கட்டம், வரிசைக்கு ஒரு எண். 'ட' எழுத ஏழு தடவை 64, கடைசியில் 126. அதிலேயே வலது பக்கம் ஒரு கோடு ஏற்றினால் 'ப', அதாவது ஏழு 66, ஒரு 126. வாத்தியார் இதைக் கையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார், நாங்கள் அடித்தோம், திரையில் 'பட' என்று வந்தது. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

'ட', 'ப' எல்லாம் நேர்கோடு, சுலபம். 'ண' எட்டுக் கட்டத்துக்குள் அடங்காது, இரண்டு எழுத்தாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய ஆள் இல்லையா, 'ணை'யை எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின துதிக்கை வைத்தே வரைந்திருந்தாராம். கிராஃப் நோட்டில் வரைந்து வரைந்து ஒரு வருஷம் பிடித்தது என்றார். அந்த நோட்டில் இப்போது ஒரே ஒரு தாள்தான் அவர் வீட்டில் மிச்சம்.

இதில் டிடிபி கடைக்காரர்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வாத்தியாரின் கதைதான் உங்கள் பரணிலும் கிடக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991-லேயே ஏறிவிட்டது, விண்டோஸில் அது வந்தது விண்டோஸ் 2000-ல். ஆனால் நீங்கள் பேஜ்மேக்கரில் அடித்த கல்யாணப் பத்திரிகையும், கோயில் நோட்டீஸும், தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கான கேள்வித்தாளும் அந்த யூனிகோடில் இல்லை. ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தமிழ் எழுத்தைத் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்தார். பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து வைத்ததை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். பாமினி ஊரறிந்தது, அதை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. யாரோ ஒருவர் பத்துக் கடைக்கு மட்டும் செய்து கொடுத்த எழுத்துருவுக்கு யார் கருவி செய்வார்கள்? அந்த எழுத்துரு இருக்கும் ஃப்ளாப்பி போனால், அதில் அடித்த ஃபைல் அத்தனையும் ஊமை. 1999-ல் சென்னையில் கூடித் தமிழ்99 விசைப்பலகை என்று முடிவு செய்தார்கள். நல்ல காரியம்தான். நம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் அப்புறமும் ரொம்ப நாள் பழைய டைப்ரைட்டர் முறையில்தான் அடித்துக்கொண்டிருந்தோம், உங்களுக்கே தெரியும்.

ஜிஸ்ட் கார்டு வைத்திருந்தவர்கள் இருந்தால் இன்னும் விசேஷம். கான்பூர் ஐஐடியில் தொடங்கி, புனேயில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் கொண்டுவந்த அட்டை அது. மதர்போர்டில் செருகினால் விண்டோஸுக்கு முந்தின டாஸில் ஓடும் டிபேஸ் என்ற தகவல் பட்டியல் சாஃப்ட்வேரிலேயே தமிழும் மலையாளமும் தெரியும். நம்மைப் போல ஒரே ரசீதில் இரண்டு மொழி எழுதுகிற ஊருக்கென்றே செய்தது போல இருக்கும். அட்டை மட்டும் கிடைத்துப் பிரயோஜனம் இல்லை, கூட வந்த ஃப்ளாப்பியும் வேண்டும். அதே மாதிரி பிரிண்டர் போர்ட்டில் செருகி வைத்த டாங்கிள். இன்றைக்குப் பார்த்தால் எதற்கென்றே தெரியாத ஒரு கட்டை. அது இல்லாமல் அதோடு வாங்கிய தமிழ் சாஃப்ட்வேர் திறக்கவே திறக்காது. தயவுசெய்து அதை ஃப்ளாப்பியோடு ஒரே கவரில் கட்டி வையுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். எடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்குக் கொடுங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கிரீஸ்வீசல் என்ற போர்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பழைய ஃப்ளாப்பி டிரைவை யூஎஸ்பியில் சேர்க்கும். சாதாரண டிரைவ் 'படிக்க முடியவில்லை' என்று கைவிட்டதை இது வட்டில் இருக்கும் காந்த மாற்றங்களாகவே பதிவு செய்துகொள்ளும், பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஒரு ஃப்ளாப்பிக்கு இரண்டு மூன்று நிமிஷம். ஃப்ளாப்பி அன்றைக்கே உங்கள் கைக்குத் திரும்பும், கூடவே நகலும் உங்கள் பென் டிரைவில்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். ஃப்ளாப்பி உறைக்குள் சாம்பல் நிறத்தில் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் வட்டைப் படிக்கும் ஹெட் அந்தப் பூஞ்சையை ஃப்ளாப்பி முழுக்க இழுத்துத் தேய்த்துவிடும், அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியும் கெடும். நாங்கள் உறையைக் கத்தரித்து வட்டை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்துத்தான் படிக்கிறோம். ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து வந்த பெட்டியில் பாதிக்கு மேல் பூஞ்சை. நம் கிழக்கு மூலையிலிருந்து வந்ததில் அவ்வளவு இல்லை. எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவுப் பூமி. கிணற்றுக்குக் கஷ்டம், ஃப்ளாப்பிக்கு நல்லது. அதனால்தான் உங்கள் பரண்மேல் எங்களுக்கு இவ்வளவு கண்.

நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்பைப் பார்த்தால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அது புரோகிராம் பதிந்த ஈப்ராம், புற ஊதா வெளிச்சம் பட்டால் எழுதியது அழியும். நேர் வெயிலில் ஒரு வாரம் போதும், ட்யூப்லைட் அடியில் ஏறக்குறைய மூன்று வருஷம் என்று சிப் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய 286, 386 கம்ப்யூட்டர்களின் மதர்போர்டில் நீல நிறப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது ஒழுகிச் செம்புக் கோட்டை எல்லாம் தின்றுவிடும்.

ஃப்ளாப்பியில் வாடிக்கையாளர் விவரம் இருக்கும், பத்திர நகல் இருக்கும் என்று ஒரு கடைக்காரர் தயங்கினார். நியாயமான பயம். நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். நகல் உங்கள் கையில், எங்களுக்கு வேண்டியது எழுத்துருவும் புரோகிராமும்தான். சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டவர்களுக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு, முறையாக வாங்கி வைத்திருப்பவர் புரோகிராம் கெட்டுப்போகாமல் இருக்கப் பாதுகாப்பு நகல் எடுக்கலாம் என்கிறது. நகல் உங்களுடையது, எடுத்துத் தருவது நாங்கள். விற்பனைக்கு வந்த சாஃப்ட்வேரை நாங்கள் யாருக்கும் பங்கு வைக்கமாட்டோம். கம்பெனியே மறைந்துபோன சாஃப்ட்வேரை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒவ்வொரு வாரமும் சண்டை. நீங்களோ உங்கள் வாத்தியாரோ செய்ததென்றால், போடலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் உங்கள் பெயரோடு ஏற்றிவிடுகிறோம்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஊர்களிலிருந்து கார் போட்டு வந்து, கீபோர்டு பொத்தானுக்காக ஒரு முழு மெஷினை வாங்கி, மிச்சத்தை ரோட்டோரம் போட்டுவிட்டுப் போனவர்களை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். அவர்களையும் எங்களையும் ஒன்றாக நினைத்தால் கோபித்துக்கொள்ள முடியாது. கிடைத்த ஃப்ளாப்பியை யாருக்கும் காட்டாமல் அலமாரியில் பூட்டி வைத்துப் பெருமைப்படுகிறவர்களும் எங்களில் உண்டு. அதற்கு ஆக்ரிக்கடையே தேவலை, அங்கே கேட்டால் மூட்டையையாவது அவிழ்த்துக் காட்டுகிறார்கள்.

ஆக்ரிக்கடை அண்ணன்மார்களே, உங்கள் பிழைப்பில் கை வைக்க வரவில்லை. அட்டை ஃப்ளாப்பி, அச்சடித்த மேனுவல், கையால் எழுதிய நோட்டு, இந்த மூன்றும் வந்தால் ஒரு மூலையில் எடுத்து வையுங்கள். எடைக்கு உங்கள் விலை என்னவோ அதன்மேல் கொஞ்சம் கூட்டியே தருகிறோம். காசில்லை என்று நாங்கள் சொன்ன நாள் இல்லை. பேங்க்காரர் இருக்கிறார்.

வாத்தியாருக்கு அந்த 'ணை' இருந்த ஃப்ளாப்பி இன்னும் நினைவில் இருக்கிறது. அஞ்சேகால் இஞ்ச், நீலக் காகித உறை, லேபிளில் சிவப்பு மையால் 7 என்று போட்டுச் சுற்றி ஒரு வட்டம். போன வருஷம் ஓணத்துக்கு முன்னால் இரண்டு சாக்கு ஃப்ளாப்பி எடுத்த அண்ணன் இதைப் படிக்க நேர்ந்தால், அல்லது படித்தவர் அவரிடம் சொன்னால், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்வெர்ட்டர் கடை எது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வாத்தியாரும் அங்கேதான் இருப்பார்.