சாமி, மேரி, தகரக் குவளை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நூத்தி அறுபது வருஷமா இவங்க கூடத்தானே இருக்கோம், இவங்களைப் பத்தி நமக்குத் தெரியாதா?" ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தவறாமல் விழும் வார்த்தை இது. 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்து இறக்கிய நாள்முதல் எண்ணினால் வருஷக் கணக்கு சரிதான். ஆனால் அவர்களை எங்கே வைத்துத் தெரியும்? அடுப்படியில், தோட்டத்தில், கல்லாவுக்கு அந்தப் பக்கம். மூன்று இடத்திலும் ஒருவர் ஏவுகிறார், மற்றவர் செய்கிறார்.

பழகினால் தப்பெண்ணம் போய்விடும் என்பது பாதி உண்மை. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதற்கு நான்கு நிபந்தனை சொன்னார். இரு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஒரு காரியம் வேண்டும். அதைப் போட்டியின்றிச் சேர்ந்து செய்ய வேண்டும். சட்டமோ தலைமையோ அதற்குத் துணை நிற்க வேண்டும். நம் அடுப்படி முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடுகிறது. இருபது வருஷம் வேலை பார்த்தவரின் ஊர்ப்பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலிருப்பது இதனால்தான்.

அத்தாட்சி நம் வாயிலேயே இருக்கிறது: ஃபனகலோ. 'ஃபன கா லோ' என்றால் 'இந்த மாதிரி'. இந்த மாதிரி வெட்டு, இந்த மாதிரி பிடி. சுரங்கங்களில் கொழுத்த இந்தக் கலப்பு மொழியைத்தான் நம்மவர் பலர் இங்குள்ள ஆப்பிரிக்கர்களின் ஜூலு மொழி என்று நினைத்துப் பேசிவந்தார்கள். சொற்களில் பெரும்பாலானவை ஜூலுதான். இலக்கணத்தைத்தான் உதிர்த்துவிட்டார்கள், அதோடு மரியாதையும் உதிர்ந்தது. ஜூலுவில் ஏவல் வினையோடு 'னி' சேர்ந்தால் பன்மை. 'வோஸா' என்றால் வா, 'வோஸானி' வாருங்கள். 'ஹம்பா கஹ்லே' போய் வா, 'ஹம்பானி கஹ்லே' போய் வாருங்கள். பெரியவர் ஒருவராகவே நின்றாலும் 'சனிபொனானி' என்று பன்மையில் வணக்கம் சொல்வார்கள். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாட்டியை ஒருமையில் கூப்பிட்டால் முதுகில் விழும் வீடுகள் நம்முடையவை. ஃபனகலோவில் அந்த 'னி' கிடையாது. அறுபது வயதுப் பெண்மணியை எட்டு வயதுப் பிள்ளை 'வேனா, புயா லப்பா' என்கிறது: 'ஏய், இங்கே வா'. அந்தப் பிள்ளைக்கு வெறுப்பை யாரும் கற்றுத் தரவில்லை. ஒருமையைக் கற்றுத் தந்தார்கள், அது போதுமாயிருக்கிறது.

பெயர் விஷயம் இதைவிட மோசம். ராமசாமி, முனுசாமி என்று முழுதாகச் சொல்ல வாய் வராத வெள்ளைக்காரன் நம் ஆண்களையெல்லாம் 'சாமி' ஆக்கினான், பெண்களையெல்லாம் 'மேரி' ஆக்கினான். கூலி நமக்குச் சம்பளம். அவன் வாயில் அது ஒரு சாதிப் பெயர். இந்த வடு ஆறாத நாமே நொம்வூலாவை 'மேரி' என்றும் சிபொங்கீலேயை 'கிரேஸ்' என்றும் கூப்பிடுகிறோம். நொம்வூலா என்றால் மழையோடு வந்தவள். சிபொங்கீலே என்றால் 'நன்றி செலுத்துகிறோம்'. ஜூலுப் பெயர் வாயில் நுழையாது என்பதெல்லாம் சாக்கு. கடைசிக்கு முந்தைய அசையை நீட்டினால் பாதிப் பெயர்கள் சரியாக வந்துவிடும். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஜூலுச் சொடுக்கொலி பயமுறுத்துகிறதா? ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறோமே, அந்தச் சத்தம்தான் 'ங்கிசேலா' என்ற சொல்லில் 'ச' இருக்கும் இடத்தில் வருவது. மாட்டை விரட்ட வண்டிக்காரர் கடைவாயில் எழுப்பும் ஒலி இன்னொன்று. பாட்டில் மூடி திறப்பதுபோல் மேலண்ணத்தில் தட்டுவது மூன்றாவது. 'ங்கிசேலா' என்றால் 'தயவுசெய்து கேட்கிறேன்'. ஃபனகலோக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படாத சொல்.

வேற்றுமை பெரிதாக இருப்பதால்தான் வெறுப்பு வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களிடம் திரையில் தெரிந்த புள்ளிகளின் எண்ணிக்கையை மதிப்பிடச் சொல்லி, கூட்டிச் சொன்னவர், குறைத்துச் சொன்னவர் என்று இரண்டு கட்சி பிரித்தார். பிரித்தது குருட்டாம்போக்கில்தான், பையன்களுக்கு அது தெரியாது. காசு பங்கிடச் சொன்னதும் அவரவர் தம் கட்சிக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அடுத்த சோதனையில், மொத்தத்தில் தம் கட்சிக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சியைவிட அதிகம் வந்தால் போதும் என்ற போக்கும் தெரிந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நம்மைப் 'போரிட்ஜ்' என்றும், ஹிந்திக் குடும்பங்களை 'ரொட்டி' என்றும் இந்த ஊரில் கேலி பேசினார்களே, அதற்கு ஒரு கிண்ணமும் ஒரு தட்டும் போதுமாயிருந்தன.

பாத்திரம் என்றதும் குவளை ஞாபகம் வருகிறது. வேலை செய்பவருக்கென்று பின்வாசல் குழாயடியில் கவிழ்த்து வைத்திருக்கும் தகரக் குவளை. தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிப் படித்துக் கொதிக்கிற வீடுகளிலும் அது இருக்கிறது.

1949 ஜனவரி 13 அன்று விக்டோரியா தெருப் பக்கம் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் இந்தியக் கடை ஆளுக்கும் நடந்த கைகலப்பு மூன்று நாளில் 142 பேரைக் கொன்றது; அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்கச் சட்டம் விடவில்லை. இந்தியர் நிலத்தில் குடிசைக்கு வாடகை, இந்தியர் பஸ்ஸில் பயணம், இந்தியர் கடையில் சாமான். சட்டம் எழுதியவன் கண்ணில் படவில்லை, வாடகை வாங்க வந்தவன் பட்டான். மறு ஆண்டே இனத்துக்கொரு குடியிருப்பு என்ற குழுப் பகுதிகள் சட்டம் வந்து, பின்னாளில் நாம் சாட்ஸ்வர்த்துக்கும் அவர்கள் உம்லாசிக்கும் குவாமாஷுவுக்குமாகப் பிரிக்கப்பட்டோம். நடுவில் ஆறு, நெடுஞ்சாலை. 1991-இல் சட்டம் போயிற்று, நெடுஞ்சாலை போகவில்லை.

தெருக்காவல் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துபவர்கள் ஒரு விதியைப் போடலாம். செய்தியில் இடம், நேரம், வண்டி எண், என்ன செய்தார் என்பது இருக்க வேண்டும்; 'ரெண்டு கறுப்பர் நிக்கிறாங்க' என்று மட்டும் வந்தால் குழு நிர்வாகி உடனே அழிக்க வேண்டும். நிற்பது குற்றமில்லை. 2021 ஜூலையில் டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் இப்படிப்பட்ட வதந்திகளும் தெருத் தடுப்புகளும் சேர்ந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதை மறக்க முடியாது.

கோயில் விழாவுக்கு ஜூலுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து இருபது நிமிடம் ஆடவைத்துப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. அவர்கள் அங்கே விருந்தாளிகள். உருப்படியாகச் செய்வதென்றால் இரு பக்கத்துக்கும் தேவையான ஒரு வேலையை எடுக்க வேண்டும். மாலை நேர வகுப்போ, மைதானப் பராமரிப்போ, எதுவானாலும் குழுவில் பாதிப்பேர் அவர்கள், வங்கிக் கணக்கில் இரு தரப்புக் கையெழுத்து, மண்டபச் சாவி இரண்டு. சாவி நம்மிடம் மட்டும் இருந்தால் ஆறு மாதத்தில் அவர்கள் வருவது நின்றுவிடும், 'பாத்தீங்களா, அவங்களுக்கு அக்கறையே இல்லை' என்று நாமும் சொல்லத் தொடங்குவோம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் நான்கு அங்குல இடம் ஒதுக்கி, தமிழ் எழுத்தில் ஜூலுப் பாடம் வெளியிடுங்கள். முதல் வாரம் ஏவல் வினைகள் வேண்டாம். பத்துப் பெயர்களை அவற்றின் பொருளோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஜூலு கற்பிக்கும் தமிழ் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்