பயிற்சிக்கு இடம் எங்கே?

ஐயா, கல்லூரியில் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப், அதாவது நிறுவனங்களில் நேரடித் தொழிற்பயிற்சி, ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். கோடை விடுமுறை வந்ததும் எல்லாக் கல்லூரிக்காரர்களும் ஒரே நேரத்தில் மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூர் தொழிற்பேட்டையில் கடிதத்தோடு போய் நிற்கிறோம். நாலு மிஷின் வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்காரர் எத்தனை பேரைத்தான் சேர்த்துக்கொள்வார்? சரி, இடம் கிடைத்தாலும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் திருமங்கலம் வந்து பஸ் மாற வேண்டும், மதியச் சாப்பாடு வேறு, உதவித்தொகையோ பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் மாணவர்கள் பயிற்சிக்குப் போகாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். வருகைப் பதிவில் ஒரு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டதாக இருக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. எந்த நிறுவனத்தில், எந்த மாதம், எத்தனை இடம் என்ற பட்டியலை மாவட்டத் தொழில் மையமே வெளியிட்டால், கல்லூரிகள் மாதம் பிரித்து அனுப்பலாம்.

- ஒரு கல்லூரி ஆசிரியை, மதுரை