ஜன்னல் இல்லாத பெட்டியா அது?

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் யூத ஜெப ஆலயத்தைப் படமெடுத்து அனுப்பி, "ஜன்னல்கூட இல்லாத கான்கிரீட் பெட்டி" என்று எழுதியிருந்தாய். பொதுப்பணித்துறையில் காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்டவள் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் தங்கையை விட்டு அதன் வரைபடங்களைத் தேடச் சொல்லிப் பார்த்தேன்.

பெட்டி என்றால் நேராக நிற்க வேண்டும். இது திரும்பிக்கொண்டே மேலே போகிறதடா. தொழுகை எருசலேமை நோக்கி, அங்கிருந்து கிழக்கு முகமாக நடக்க வேண்டும். அந்த ஒடுங்கிய மனையோ கிழக்குக்கு ஒத்துவரவில்லை. அதனால் 34 வரிக் கல்லில் ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடத் துளி திருப்பி வைத்திருக்கிறார்கள். அடிவரி மனையோடு போகிறது, உச்சிவரி கிழக்கே பார்க்கிறது. தூக்குக்குண்டு பிடித்தே பழகிய நம்மூர்க் கொத்தனாரிடம் இப்படி ஒரு சுவர் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

உள்ளே உலோக வலைத்திரை கூடாரமாகத் தொங்குகிறதாம். யூதர்கள் முதலில் பாலைவனத்தில் கூடாரத்தில் வழிபட்டவர்கள், பிறகு எருசலேமில் கல்லால் ஆலயம் எழுப்பியவர்கள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துவிட்டார்கள்.

பழையதைப் போலவே அழகாகக் கட்டியிருக்கலாமே என்கிறாய். அங்கே முன்பு இருந்தது 1840இல் முடிந்த, கோட்ஃப்ரீட் செம்பர் கட்டிய ஆலயம். அவர் பெயரில் இருக்கும் ஆப்பெரா மாளிகையையும் ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தையும் பழைய உருவிலேயே மீட்டெடுத்த ஊர் அது. அவை 1945இல் குண்டுவீச்சில் அழிந்தவை. ஜெப ஆலயத்தை 1938 நவம்பர் 9 இரவில் நாஜிகள் எரித்தார்கள், அதுவும் அமைதிக் காலத்தில், சொந்த ஊருக்குள்ளேயே. அதைப் பழையபடி எழுப்பி நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல் ஆகிவிடும் என்பது என் எண்ணம். 2001இல் அதே நவம்பர் 9 அன்றுதான் புதியதைத் திறந்தார்கள். பழைய ஆலயத்தின் சுவர்த்தடத்தை முற்றத்தில் கண்ணாடிச் சில்லுகளால் குறித்திருக்கிறார்கள், பார்த்தாயா?

வாசலுக்கு மேலுள்ள தாவீதின் நட்சத்திரம் பழைய ஆலயத்தினுடையது. ஆல்ஃப்ரெட் நொய்கேபாவர் என்ற தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்துவைத்து, போருக்குப் பின் யூத சமூகத்திடம் ஒப்படைத்தார். நெருப்பை அணைக்க அன்று தீயணைப்பு வீரர்களை விடவில்லை.

இன்னொரு முறை போய்ப் பார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், அன்றைக்கு வேண்டாம். தலையை மூடத் தொப்பி எடுத்துக்கொள். மூலையில் நின்று மேல்நோக்கி ஒரு படம் எடு. அந்த வலைத்திரையை மேலே எதில் மாட்டியிருக்கிறார்கள் என்றும் பார்த்துச் சொல். வரைபடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

அன்புடன்,
அம்மா