மற்றும் பலர்

பழைய தமிழ்ப் படங்களை மத்தியான நேரத்துல டிவியில ஓட்டுற சேனல்காரங்களுக்கும், யூடியூப்ல ஏத்தி வைக்கிற புண்ணியவான்களுக்கும் வணக்கம். திட்டுறதுக்காக எழுதலைங்க, அதை மொதல்லயே சொல்லிடுறேன். நீங்க இல்லேன்னா எங்க வீட்டுல சாயங்காலப் பொழுது போகாது, எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, முட்டி வலி, வாசப்படி இறங்க முடியாது, அதுக்கு இப்ப இருக்குற ஒரே ஊர் உலகம் நீங்க போடுற கறுப்பு வெள்ளைப் படம்தான். அதனால நன்றி மொதல்ல, குறை அப்புறம்.

குறை ஒண்ணே ஒண்ணுதான், டைட்டிலை வெட்டாதீங்க.

படம் ஆரம்பிக்குது, கம்பெனி பேரு வருது, ஜெமினி படமா இருந்தா அந்த ரெட்டைப் பசங்க ஊதுகுழல் ஊதுறது வருது, அம்மா நிமிந்து உக்காருது, அடுத்த செகண்ட்ல பாத்தா நேரா மொத சீன், யாரோ மாட்டு வண்டியில போயிட்டு இருக்காங்க. நடுவுல இருந்த ரெண்டு மூணு நிமிஷம் எங்க போச்சு? உங்களுக்கு அது வெறும் எழுத்து, யாரு படிக்கப் போறான்னு தூக்கிடுறீங்க, அந்த நேரத்துல இன்னும் நாலு விளம்பரம் போடலாம், நியாயம்தான். ஆனா எங்க வீட்டுல அதை ஒருத்தர் படிக்கிறாங்க, அதுவும் வாய் விட்டு சத்தமா, நடிகர்கள்னு ஒரு பக்கம் நடிகைகள்னு ஒரு பக்கம் வரிசையா வருமில்ல, டி.எஸ்.துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, கொட்டாப்புளி ஜெயராமன், டி.பி.முத்துலட்சுமி, சி.டி.ராஜகாந்தம்னு, கல்யாண வீட்டுல மொய் நோட்டு வாசிக்கிற மாதிரி வாசிக்கும். வாசிச்சு முடிச்சுட்டு “ஏ, இதுல ஏ.கருணாநிதி இருக்காருடா”ன்னு ஒரு சந்தோஷம், அவர் வர்றது படத்துலயே ரெண்டு சீனாத்தான் இருக்கும், அதுக்காக மூணு மணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

சிவாஜிக்கும் எம்ஜிஆருக்கும் உங்க தயவு தேவையில்ல. அவங்க பேரு போடலேன்னாலும் குழந்தைக்குக் கூட தெரியும், 2012ல கர்ணனை சுத்தம் பண்ணி டிஜிட்டல்ல மறுபடி ரிலீஸ் பண்ணப்ப நூறு நாளைத் தாண்டி ஓடுச்சு, 1964ல வந்த படம், சின்னப் பசங்க எல்லாம் வந்து விசில் அடிச்சாங்க. 2014ல எம்ஜிஆரோட ஆயிரத்தில் ஒருவனும் அதே மாதிரி மறுபடி வந்துச்சு, அதுக்கும் அதே கூட்டம். அதனால “பழசை யாரு பாக்குறா”ன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் பேசுறது போஸ்டர்ல மூஞ்சி வராதவங்களைப் பத்தி.

அவங்கள்ல பாதிப் பேரு நாடகக் கம்பெனியில வளந்தவங்க. பாய்ஸ் கம்பெனின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஏழு வயசு எட்டு வயசுல வீட்டை விட்டுக் கொண்டு போய் விட்டுடுவாங்க, சாப்பாடு கிடைக்கும், வாத்தியார் அடி கிடைக்கும், பாட்டும் வசனமும் உருப்போட்டு ராத்திரி விடிய விடிய மேடையில நிக்கணும். எம்ஜிஆர், பி.யு.சின்னப்பா எல்லாம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, சிவாஜியும் காக்கா ராதாகிருஷ்ணனும் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி. பொம்பளை வேஷம் கட்டி நல்லா பாடிக்கிட்டு இருக்குற பையனுக்கு ஒரு நாள் மகரக்கட்டு உடைஞ்சு குரல் கரகரன்னு ஆயிடும், அவ்ளோதான், நேத்து வரைக்கும் வள்ளியா நின்னவன் இன்னிக்கு சீன் இழுக்கப் போயிடுவான். அப்படி உருண்டு புரண்டு வந்த ஆயிரம் பேர்ல ஒரு அம்பது பேரு பெரிய ஆளா ஆனாங்க. மிச்சப் பேருல சினிமாவுக்கு வந்து காவல்காரனா, கணக்குப்பிள்ளையா, கல்யாணத் தரகரா ஒரு சீன்ல தலையைக் காட்டினவங்க இருக்காங்க பாருங்க, அவங்க இந்த உலகத்துல இருந்தாங்கங்கிறதுக்கு பல பேருக்கு அந்த டைட்டில்ல வர்ற ஒரு வரிதான் சாட்சி.

மேடையில பண்ணினது எதுவும் நமக்கு இல்லையே. செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கோங்க, 1906ல பிறந்து 1933 டிசம்பர்ல போயிட்டாரு, 27 வயசு, ஒரு படத்துல கூட நடிக்கலை. கிராமபோன் தட்டு இருந்ததால அந்தக் குரல் மட்டும் தப்பிச்சுச்சு. காயாத கானகத்தே பாட்டை அவர் குரல்ல கேட்டுப் பாருங்க, மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசையில உக்காந்தவனுக்கும் போய்ச் சேரணும்னு பாடிப் பழகுன குரல் அது, தட்டு கிறீச்சுன்னு சத்தம் போடுது, அதையும் தாண்டி வந்து நெஞ்சுல இடிக்கும். அவர் போனப்புறம் அவர் சம்சாரம் கே.பி.சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைதான், ஆம்பளை நடிகர் கூட ஜோடி போட்டு நடிக்கிறதில்லைன்னு இருந்தவங்க, 1935ல நந்தனார் படத்துக்கு அவங்களுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபா. அந்தக் காலத்து ஒரு லட்சம்ங்க! அந்தம்மா முருகா முருகான்னு உருகுறப்ப எங்கம்மா டிவியைப் பாத்துக் கும்பிடும், நான் இதுவரைக்கும் கிண்டல் பண்ணது இல்ல.

அது கூடப் பரவாயில்ல, குரலாவது மிச்சம். தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931, டி.பி.ராஜலட்சுமி நடிச்சது, இன்னிக்கு அதுல ஒரு ரீல் கூட இல்ல. அந்தக் காலத்து பிலிம் சுருள் நைட்ரேட்டு, சூடு பட்டாலே பத்திக்கும், பத்தலேன்னா தானே கெட்டுப் போயி பிசுபிசுன்னு ஆகி தூளாயிடும். அதுலயும் தப்பிச்சதை நம்ம ஆளுங்க வெள்ளி எடுக்குறதுக்காகக் கழுவி வித்தாங்க. இவ்வளவையும் தாண்டி ஒரு படம் முழுசா உங்க கைக்கு வந்து சேந்திருக்கு, நெருப்புக்கும் தப்பி வெள்ளிக்காரனுக்கும் தப்பி வந்தது, அதைப் போயி கம்ப்யூட்டர்ல உக்காந்து நீங்க வெட்டுறீங்க. என்னங்க இது.

வெட்டுறதுன்னு ஆரம்பிச்சதால இதையும் சொல்லிடுறேன், டைட்டிலை மட்டுமா வெட்டுறீங்க, ஆளையே வெட்டுறீங்க. 1973ல ராஜராஜ சோழன் சினிமாஸ்கோப்ல வர்ற வரைக்கும் நம்ம படம் எல்லாம் ஏறக்குறைய சதுரமா எடுத்ததுதான். பழைய பெட்டி டிவியும் அதே சதுரம், அதனால தூர்தர்ஷன் காலத்துல ஞாயித்துக்கிழமை படம் போட்டப்ப முழுசா வந்துச்சு. இப்ப டிவி அகலமாயிடுச்சு, ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை விழுந்தா பாக்குறவன் திட்டுவான்னு நெனச்சுக்கிட்டு பெருசாக்கி ரொப்புறீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 4-க்கு 3ன்னு எடுத்த படத்தை 16-க்கு 9ன்னு ரொப்பினா உயரத்துல கால்வாசி காலி. மேல கொஞ்சம் கீழ கொஞ்சம்.

கீழ என்ன இருக்குன்னு யோசிச்சீங்களா? கால் இருக்கு! வஞ்சிக்கோட்டை வாலிபன்ல பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடுற போட்டி டான்ஸ், வீரப்பா சபாஷ் போடுவாரே அதுதான், அதை ஒரு இடத்துல இடுப்புக்கு மேலயும் முட்டிக்கு மேலயுமா பாத்தேன். ரெண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஜதி போடுறாங்க, ஜதி காதுல விழுது, பாதம் இல்ல. சலங்கை யாரு கால்ல இருக்கு, பக்கத்து வீட்டுலயா? சந்திரபாபுவுக்கும் இதே கதி, தூத்துக்குடிக்காரர், உடம்புல எலும்பே இல்லாத மாதிரி வளைவாரு, பாட்டும் அவரே பாடுவாரு, அவர் ஆட்டமே காலுல இருந்துதான் கிளம்பும், நீங்க அவரை நெஞ்சளவு போட்டோ ஆக்கிட்டீங்க. கறுப்புப் பட்டை இருந்துட்டுப் போகட்டும், யாரும் திட்ட மாட்டோம், டிவி ரிப்பேருன்னு நெனைக்கிறவங்களுக்கு நானே வீடு வீடாப் போயி விளக்கம் சொல்றேன்.

அப்புறம் கீழ ஓடுற விளம்பரப் பட்டை. சர்வர் சுந்தரத்துல ஒரு பாட்டு இருக்கு, ரெக்கார்டிங் தியேட்டர்ல பாட்டு எப்படி எடுக்குறாங்கன்னு அப்படியே காட்டுவாங்க, எம்.எஸ்.வி கையை ஆட்டிக்கிட்டு நிப்பாரு, டி.எம்.எஸ் மைக் முன்னாடி பாடுவாரு, வாத்தியக்காரங்க எல்லாம் சுத்தி. திரைக்குப் பின்னாடியே இருந்தவங்க மூஞ்சியைக் காட்டுன அபூர்வமான நாலு நிமிஷம், அதுல பாதி பேரு மேல மூட்டு வலித் தைலம் ஓடுது. (அம்மா அந்தத் தைலத்தை வாங்கச் சொல்லுச்சு, அது வேற கதை.)

நல்லதம்பி படத்துல கலைவாணர் என்.எஸ்.கே பண்ணுற கிந்தனார் காலட்சேபம் தெரியுமா? நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, தாழ்த்தப்பட்ட பையன் ஒருத்தன் கோயிலுக்குப் பதிலா படிப்பைத் தேடி ரயில் ஏறிப் பட்டணம் போவான், படிச்சு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா அதே ஊருக்குத் திரும்பி வருவான். 1949ல இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்காரு மனுஷன். நான் பாத்த ஒரு வீடியோவுல பையன் ரயில் ஏறினதோட கட் பண்ணி அடுத்த சீனுக்குப் போயிட்டாங்க, நீளமா இருக்குன்னு போல. அந்தப் பையன் இன்னும் வண்டியிலயே இருக்கான், எப்ப இறங்குவான்னு ஏத்துனவருக்குத்தான் வெளிச்சம். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1944 கடைசியில பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல என்.எஸ்.கேயையும் அப்ப பெரிய ஸ்டாரா இருந்த தியாகராஜ பாகவதரையும் உள்ள தூக்கிப் போட்டாங்க, அப்ப பாகவதரோட ஹரிதாஸ் பிராட்வே தியேட்டர்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு, மூணு தீபாவளி கண்டுச்சு. அவர் ஜெயில்ல, படம் தியேட்டர்ல. வெளிய வந்தப்புறம் பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பலை, என்.எஸ்.கே மறுபடி சிரிக்க வைக்க ஆரம்பிச்சாரு, கிந்தனார் அப்ப எடுத்ததுதான். ஜெயில் பாத்துட்டு வந்த மனுஷன் சொன்ன கதையைப் பாதியில இறக்கி விட்டுட்டீங்களே.

உங்க பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாம இல்ல. படம் வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம் கழிச்சு காப்பிரைட் போயிடுது, அதனால அம்பதுகள்ல வந்த படத்தை யாரு வேணா ஏத்தலாம், பத்து பேரு ஏத்துறாங்க, உங்களுதுதான் மொதல்ல கண்ணுல படணும்னா ஏதாவது பண்ணணும். பிரிண்டே டைட்டில் இல்லாமத்தான் கிடைச்சுதுன்னும் சில பேரு சொல்வீங்க, மொத ரீலோட ஆரம்பம்தான் எப்பவும் அதிகமா அடி வாங்குறது, சரி, ஒத்துக்குறேன். அப்படின்னா கீழ டிஸ்கிரிப்ஷன்ல பேரையாவது எழுதுங்க. பழைய பாட்டுப் புத்தகம் இருக்கு, பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் பூரா உக்காந்து சேத்த விவரம் புத்தகமாவே வந்திருக்கு, பாத்து எழுத அரை மணி நேரம் ஆகுமா? அதை விட்டுட்டு, பராசக்தியில சி.எஸ்.ஜெயராமன் பாடுன பாட்டுக்குக் கீழ டி.எம்.எஸ்னு எழுதி வச்சிருக்காங்க ஒரு இடத்துல. எங்க தாத்தா மதுரை தங்கம் தியேட்டர்ல அந்தப் படத்தைப் பாத்தவரு, இப்ப அந்தத் தியேட்டரும் இல்ல தாத்தாவும் இல்ல, அவர் மட்டும் இருந்து இதைப் பாத்திருந்தா உங்களுக்கு கார்டு எழுதிப் போட்டிருப்பாரு, அதுவும் நல்ல வார்த்தையில இருக்காது.

அம்மா மொத மொத படம் பாத்தது உசிலம்பட்டிப் பக்கம் டூரிங் டாக்கீஸ்ல. தரை டிக்கெட், மண்ணைக் குவிச்சு மேடு கட்டி உக்காந்தா முன்னாடி இருக்குறவன் தலை மறைக்காது, பின்னாடி இருக்குறவன் சண்டைக்கு வருவான். ஒரே புரொஜக்டர், ரீலு மாத்த மாத்த விளக்கைப் போட்டுடுவாங்க, முறுக்கு வரும், சோடா வரும். எழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே போயிடணும்னு எங்க பாட்டி ஓட்டமும் நடையுமா இழுத்துட்டுப் போகுமாம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அம்மாதான் அப்ப மூணாவது படிச்சிட்டு இருந்துச்சு, டைட்டில்ல வர்ற பேரை எல்லாம் எழுத்துக்கூட்டிப் பாட்டிக்கு வாசிச்சுக் காட்டணும், தப்பா வாசிச்சா பக்கத்துல இருக்குறவங்க சிரிப்பாங்க. அதுல வந்த பழக்கம்தான் இந்தச் சத்தமா வாசிக்கிறது. இப்ப பக்கத்துல நான்தான் இருக்கேன், செல்லைப் பாத்துக்கிட்டே “ம்”னு சொல்லுவேன்.

எல்லா டைட்டில்லயும் கடைசியில ‘மற்றும் பலர்’னு ஒரு வரி வரும். அந்தக் காலத்துல பேரு போட இடம் இல்லாதவங்க மட்டும் அதுக்குள்ள இருந்தாங்க. உங்க புண்ணியத்துல இப்ப எல்லாருமே அதுக்குள்ள போயிட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை ஒரு படம் ஓடுச்சு, பேரு சொல்ல வேணாம், அதுல ஒரு தாத்தா வேஷம், கதாநாயகிக்குக் கடுதாசி படிச்சுக் காட்டுற தபால்காரர், ஒரே ஒரு சீன், ஒரு நிமிஷம் கூட இருக்காது, கடுதாசியில கெட்ட செய்தின்னு தெரிஞ்சதும் பாதியில நிறுத்திட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. அம்மா “இவர் யாருடா, நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி, நாடகத்துக்காரரு, பேரு நாக்குலயே நிக்குது”ன்னு ராத்திரி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூகுள்ல தேடினேன், ஹீரோ பேரு இருக்கு, டைரக்டர் பேரு இருக்கு, இவர் இல்ல. மூணு இடத்துல படம் கிடக்கு, மூணுலயும் டைட்டிலை வெட்டியிருக்கீங்க. உங்க ஹார்ட் டிஸ்க்ல எங்கயாவது அந்த மொத ரெண்டு நிமிஷம் கிடந்தா தனியாவாவது ஏத்தி விடுங்க. முடிஞ்சா சாயங்காலத்துக்குள்ள, அம்மா ஒம்போது மணிக்கெல்லாம் தூங்கிடும்.