பாயிண்ட் கணக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக உன் தங்கை சொன்னாள், மகிழ்ச்சி. அடுத்த மாதம் முதல் உங்கள் மென்பொருள் குழு, வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி முன்னேறும் அஜைல் முறைக்கு மாறுவதையும், அதை நீயே நடத்தப் போவதையும் நம் விடுதி நண்பன் 'தாத்தா'விடம் சொன்னேன். விடுதியில் மெஸ் கணக்கை ஒரு மாதம்கூட உரிய நாளில் முடிக்காதவனிடமா இரண்டு வாரத்துக்கொரு முறை வேலையை முடித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டு வெகுநேரம் சிரித்தான்.

உன் செய்தியில் இருந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. "இனி ஆவணமும் வேண்டாம், திட்டமும் வேண்டாம், வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும்" என்று எழுதியிருந்தாய். இதை உனக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் அஜைலின் மூல அறிக்கையைப் படித்திருக்க மாட்டார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற இடத்தில் கூடிய 17 பேர் எழுதிய அந்த அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளையும், திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதையும் மேலாக மதிப்பதாகச் சொல்லிவிட்டு, ஒதுக்கப்பட்டதுபோல் தோன்றுகிறவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று கடைசி வரியில் தெளிவாகக் கூறுகிறது. திட்டம் போடுவது உனக்குக் குறையப் போவதும் இல்லை. ஸ்பிரிண்ட் எனப்படும் ஒவ்வொரு இரண்டு வாரச் சுற்றின் தொடக்கத்திலும் புதிதாக உட்கார்ந்து போடுவாய். வேகத்தைப் பொறுத்தவரை, அறிக்கையுடன் சேர்ந்த 12 கொள்கைகளில் ஒன்று, காலவரையின்றித் தாங்கக்கூடிய சீரான நடையில் வேலை செய்ய வேண்டும் என்கிறது. இரண்டு மடங்கு என்ற பேச்சு அதில் எங்கும் இல்லை.

இவற்றையெல்லாம் நீ போகப்போகத் தெரிந்துகொள்வாய். எனக்கு உண்மையான கவலை ஸ்டோரி பாயிண்ட் பற்றியது, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு தானே மதிப்பிட்டுக் கொடுக்கும் எண் பற்றியது.

சென்ற மாதம் எங்கள் மேலிடம் மூன்று குழுக்களின் வெலாசிட்டியை, அதாவது ஒரு ஸ்பிரிண்டில் ஒவ்வொரு குழுவும் முடித்த பாயிண்ட்களின் கூட்டலை, ஒரே அட்டவணையில் போட்டுத் திரையில் காட்டியது. ஒரு குழுவுக்கு 62, இன்னொன்றுக்கு 48, எங்களுக்கு 35. யாரும் யாரையும் திட்டவில்லை. அட்டவணையைக் காட்டியதே போதுமானதாக இருந்தது. அடுத்த ஸ்பிரிண்ட் பிளானிங்கில், பாலிசிதாரரின் முகவரியை மாற்றும் திரை ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தது. ஏறக்குறைய அதே போன்ற திரையை முன்பு 3 பாயிண்ட் என்று மதிப்பிட்டு எளிதாக முடித்திருந்தோம். இம்முறை அவரவர் மதிப்பீட்டைக் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளைத் திருப்பியபோது ஆறு பேர் கையிலும் 8 இருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அனைவருக்கும் காரணம் தெரிந்திருந்தது. வழக்கமாக ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 8 என்றும் காட்டும்போதுதான், பழைய தரவுத்தளத்தில் பின்கோடு இல்லாத முகவரிகள் கிடக்கின்றன என்பது போன்ற செய்திகள் வெளியே வரும். அந்த உரையாடலுக்காகத்தான் மதிப்பீடே செய்கிறோம். அட்டவணை அதை ஒரே வாரத்தில் இல்லாமல் செய்துவிட்டது.

பாயிண்ட் எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்தத் தவறு உனக்கு இன்னும் விளங்கும். அஜைல் முறைகளில் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கைப் பின்பற்றிய குழுக்களில் முதலில் 'இலட்சிய நாள்' என்ற கணக்கில், அதாவது எந்தத் தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்தால் எத்தனை நாள் ஆகும் என்று, மதிப்பிட்டார்கள். நடைமுறையில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டதால், ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே நாளை விட்டுவிட்டுப் பாயிண்ட் என்றார்கள். அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், பாயிண்டைத் தாமே கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்கிரம் என்ற அஜைல் முறையின் வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்டும் இல்லை, வெலாசிட்டியும் இல்லை. எங்கள் வீட்டு டம்ளரில் நான்கு டம்ளர் அரிசி போடுகிறோம், உங்கள் வீட்டு டம்ளரில் ஆறு போடுகிறீர்கள் என்பதால் உங்கள் வீட்டில் அதிகம் சமைக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? ஒரு குழு தன் டம்ளரை வைத்து, அடுத்த ஸ்பிரிண்டில் தனக்கு எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துக்கொள்வதோடு அந்த எண்ணின் பயன் முடிந்துவிடுகிறது.

ஸ்டாண்ட்-அப் எனப்படும் தினசரிக் கூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பதினைந்து நிமிடம் டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. நேற்று என்ன செய்தாய் என்று தொடங்கும் மூன்று கேள்விகளைக்கூட 2020 வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். எங்களிடமோ மேனேஜர் எக்ஸெல்லைத் திறந்துவைத்து ஒவ்வொருவரிடமும் விழுக்காடு கேட்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேறொரு குழு தரவேண்டிய ஏபிஐ (இரு மென்பொருள்களை இணைக்கும் வழி) கிடைக்காமல் நின்றுபோயிருந்தும், நாள்தோறும் எண்பது விழுக்காடு என்றே சொல்லிவந்தாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். சிக்கிக்கொண்டேன் என்று சொன்னால் உதவி வரும் என்ற நம்பிக்கையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, நண்பா. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் மறைத்துப் பேசக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே உன்னிடமும் இப்படி ஓர் அட்டவணையைக் கேட்டால் கொடுக்காதே. அதற்குப் பதிலாக அவர்களை ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூவுக்கு அழைத்து, ஓடுகிற மென்பொருளைக் காட்டு. முடிந்தால் கிளையண்டின் கையில் மவுஸைக் கொடு. அதற்குமுன் ஒன்று செய்ய வேண்டும். கிளையண்ட் தரப்பில் எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கப் போகிறவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள். ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாமல் குழுவாகச் சேர்ந்து முடிவெடுப்போம் என்று சொன்னார்களானால், முதல் ஸ்பிரிண்டைத் தொடங்காமல் எனக்குத் தொலைபேசியில் சொல். கிளையண்டுடன் நீ நடத்தவேண்டிய பேச்சுவார்த்தையில் என்ன கேட்கவேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்வோம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்